பட்டறை எரிந்த ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கும்போதே எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது.

வைகாசி வெயில். கடல் காற்று இன்னும் எழும்பியிருக்கவில்லை. மேற்கேயிருந்து வீசிய அனலில் புகை நாற்றம். சருகு எரிகிற புகை வேறு, விறகு எரிகிற புகை வேறு. பழைய தேக்கு எரிந்தால் அதில் ஓர் எண்ணெய்க் கசப்பு இருக்கும். தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் அடுப்பெரிக்க நாங்கள் போட்டதெல்லாம் தேக்குத் துண்டுகள்தான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“அம்மா, நம்ம மரம்” என்றேன்.

அம்மாவால் ஓட முடியவில்லை. முக்காட்டுத் துணியை என் கையில் திணித்து, “நீ ஓடு, நீ ஓடு” என்றார். கச்சேரி ரோட்டிலிருந்து எங்கள் சந்து திரும்பும் முனையில் கைவண்டிக்கார நாகப்பன் எதிரே வந்தார். எங்களுக்குப் பழைய மரம் கொண்டுவந்து போடுகிறவர். இடுப்பு வரை நனைந்திருந்தார்.

“டீச்சரம்மா! பின்னால கொட்டாய் பத்திக்கினு எரியுது! பக்கத்து மாமி வூட்டு மாட்டுக் கொட்டாயும் பூட்ச்சி!”

“அண்ணன்?”

“வாசப்படில குந்திக்கினு கீறாரு. கூப்ட்டா காதுலயே வுழல. ரெண்டு கையையும் விரிச்சி வெச்சிப் பாத்துக்கினே கீறாரு.”

அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. ஓடினேன்.

அண்ணன் வந்த விதம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பட்டறையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த அடையாறு வாசகர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக் கொல்லையில் தச்சு வேலை செய்து பார்க்க ஆசை, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் ஐயா. ஆனால் தெரிந்ததெல்லாம் என் அண்ணனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

அண்ணன் பெயர் சூசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரங்கூனில் ஒரு மர அறுவை மில்லில் வேலை. அங்கேயே குடியேறியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தார். அண்ணி பெயர் மரியம்மாள். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கல்யாணப் படம் ஒன்று வந்தது. அதில் அண்ணனின் உயரத்துக்கே நிற்பார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

யுத்தம் பர்மாவுக்கு வந்தபோது இருவரும் நடந்தே கிளம்பினார்கள். அண்ணன் மட்டும் வந்து சேர்ந்தார்.

பட்டணம் காலியாகிக் கிடந்த காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. ஒரு மத்தியானம் வாசலில் ஓர் ஆள் நின்றார். அம்மா பிச்சைக்காரர் என்று நினைத்து, “இருப்பா, சோறு இருக்கான்னு பாக்கறேன்” என்று உள்ளே போய்விட்டார். நான்தான் காதைப் பார்த்து அடையாளம் கண்டேன். அண்ணனுக்கு இடது காது மடல் பிறவியிலேயே உள்பக்கம் மடிந்திருக்கும்.

அம்மா அண்ணியைப் பற்றிக் கேட்டார். அண்ணன், “வழியில” என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோயிலுக்கு வரமாட்டார். சில நாள் எழுந்து எங்கேயோ போய்விடுவார். தேடிப் போனால் சாந்தோம் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்பார். “எப்ப வந்தீங்கண்ணே?” என்றால், “தெரியல” என்பார். அது பொய்யில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறை போடும் யோசனை என்னுடையது. ஊரைவிட்டுப் போன இரயில்வேக்காரக் குடும்பம் ஒன்று சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கருவிப் பெட்டி. ரம்பங்கள், இழைப்புளிகள், உளிகள், உளியைத் தட்டுகிற மரச் சுத்தியலான கொட்டாப்புளி ஒன்று. வாங்கிவந்து அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அப்போது நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் கீழ் வகுப்பு டீச்சர்.

சாயங்காலம் வந்தபோது உளிகளெல்லாம் தீட்டப்பட்டு வரிசையாகக் கிடந்தன.

“துருவேற வுட்டுட்டான் பாவி” என்றார் அண்ணன். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

வெளிச்சமும் உயரமும்

கொல்லைச் சுவரோரம் கீற்றுக் கொட்டகை போட்டோம். வடக்குப் பக்கம் மட்டும் திறப்பு. வாசகர் இதைக் குறித்துக்கொள்ளலாம். கிழக்கிலும் மேற்கிலும் திறந்து வைத்தால் வெயில் சாயச்சாய நிழல் நகரும்; கோடு கிழிக்கும்போது கண்ணை ஏமாற்றும். பலகையின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளைந்தும் போகும். வடக்கு வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி இருக்கும்.

வேலை மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? நிமிர்ந்து நின்று கையைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே. எங்களுக்கு இதிலேயே தகராறு. அண்ணன் நெட்டை, நான் குட்டை. அவர் அளவுக்குத்தான் முதலில் செய்தார். ஆனால் வழியில் பிடித்த குளிர்க்காய்ச்சல் அவரை விடவில்லை, கை நடுங்கும், பெரிய ரம்பத்தைத் தனியாக இழுக்க முடியாது. நான் மறுமுனையைப் பிடிக்க ஆரம்பித்தேன். பிறகு இழைக்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டிமேல் ஏறி நின்று இழைத்தவள், ஒரு நாள் பெட்டி சரிந்து விழுந்தேன்.

மறுநாள் பார்த்தால் மேசையின் கால்களை அறுத்துக் குறைத்திருந்தார்.

“உங்க முதுகு என்னண்ணே ஆவறது?”

“என் முதுகு கெடக்கட்டும். உன் கை ஒடிஞ்சா நாளைக்கு யாரு பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் புடிக்கறது?”

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு ரம்பம் இழுத்துக்கிட்டிருந்தா எவன் வருவான்?” என்பார். எவனும் வரவில்லை என்பதும் உண்மைதான். அது ரம்பத்தினாலா என்று எனக்குத் தெரியாது. சேலை முந்தானையை இறுக்கிச் செருகி, மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வேன். தொங்குகிற துணி எதுவும் பட்டறையில் ஆகாது. உளி பிடிக்கிற கைக்கு முன்னால் இன்னொரு கை ஒருபோதும் வரக்கூடாது. இதைக் கற்றுக்கொண்ட அன்று என் இடது உள்ளங்கையில் வந்த தழும்பு இப்போதும் குளிர்காலத்தில் இழுக்கிறது.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, துணி சுற்றி வைக்க வேண்டும். இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது, நாளைக்குத் துடைக்கலாம் என்று சாந்தோமில் சொல்ல முடியாது.

பழைய மரம்

பர்மாத் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. நாகப்பன்தான் இடிக்கிற வீடுகளிலிருந்து உத்தரம், கதவு நிலை என்று கைவண்டியில் ஏற்றிவருவார்.

“இன்னா மரம் பாரு டீச்சரம்மா, இரும்பு கணக்கா கீது” என்று தட்டிக் காட்டுவார்.

இரும்பு கணக்காக மட்டுமில்லை, உள்ளே இரும்பும் இருக்கும். பழைய மரத்தை அறுக்கும் முன் குத்தூசியால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்த ஓர் ஆணி நல்ல ரம்பத்தின் பல்லை ஒரே இழுப்பில் கெடுத்துவிடும். பலகைகளை அடுக்கும்போது நடுவே மெல்லிய சட்டங்கள் வைத்து, காற்று போகும்படி அடுக்குங்கள். இழுப்பறை செய்தால் ஐப்பசி மழையை நினைத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விடுங்கள். கோடையில் கச்சிதமாக நுழைகிற இழுப்பறை மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திறக்காது.

மரத்தை ஒட்டுவதற்கு அந்தக் காலத்தில் வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பிசின். ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நேரடியாகத் தீயில் வைத்தால் பிடிப்பு போய்விடும். எப்படிக் காய்ச்சினாலும் நாற்றம் நாற்றம்தான். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அலமேலு மாமியின் வீடு.

“ஏண்டி தெரேசா, எங்காத்துல நைவேத்யம் ஆயிண்டிருக்கு, நீ மாட்டுத் தோலைக் காய்ச்சிண்டிருக்கே! கொமட்டிண்டு வர்றதுடி!”

சண்டையாகவில்லை. மாமி சாயங்காலம் கபாலி கோயிலுக்குப் போகிற நேரத்தில் மட்டும் காய்ச்சுவது என்று பேசி முடித்தோம். மாமி நல்லவர். பசு கன்று போட்டபோது சீம்பால் கொடுத்தனுப்பினார். “உங்கண்ணாவுக்குக் குடுடி, உடம்புல எலும்பைத் தவிர ஒண்ணுமில்லே” என்றார். தன் பெண்ணின் கல்யாணத்துக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னதும் அவர்தான். எங்கள் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை.

மாதக்கணக்கில் செய்தோம். அண்ணன் அந்த நாட்களில் கடற்கரைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் சந்து முனையிலேயே இழைப்புளிச் சத்தம் கேட்கும். அது கேட்டால் மூச்சு நேராகும்.

அந்தச் சனிக்கிழமை, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அவ்வளவு எண்ணெயை நாங்கள் அதுவரை தொட்டதில்லை. ரங்கூன் மில்லில் பூச்சு வேலை வேறு ஆட்களுடையது. அண்ணனுக்கும் அதில் பழக்கமில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தோம். சாம்பல் பூத்துக் கிடந்த பழைய உத்தரத்திலிருந்து தேன் நிறம் மேலே வந்தது. அண்ணன் கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார்.

“சத்தமே இல்ல பாரு” என்றார்.

கந்தல்களைச் சுருட்டி மேசைக்கடியிலிருந்த காலி மண்ணெண்ணெய் டின்னில் போட்டார். அடுப்புக்கான மரச்சுருளும் தூளும் போட்டு வைக்கிற டின் அது. குப்பை எதுவானாலும் அதில்தான் போடுவோம்.

சந்துக்குள்

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கொட்டகை தரைமட்டமாகியிருந்தது. நாகப்பனும் இன்னும் சிலரும் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அலமாரி இருந்த இடத்தில் கரிப்பலகை ஒன்று நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் பட்டதும் அதுவும் மடிந்தது. எங்கள் வீட்டு ஓட்டுக்குத் தீ தாவவில்லை. சுவரைத் தாண்டி மாமியின் மாட்டுக் கொட்டகைக் கீற்றுக்குத் தாவியிருந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. கன்று வரவில்லை.

மாமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“நீங்கள்ளாம் கோவிலுக்குப் போயிட்டேள். ஆத்துல இருந்தது யாரு? அவன்தானே? புத்தி பேதலிச்சவனை நெருப்போட விட்டுட்டுப் போவாளா யாராவது? வாயில்லா ஜீவன்டி! கத்திண்டே பொசுங்கித்துடி!”

வாசலுக்கு வந்தேன். அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். மேலே கரியில்லை, சூட்டுக் காயமில்லை.

“அண்ணே, என்ன ஆச்சு?”

“நான்தான் செஞ்சிருப்பேன்.”

“செஞ்சிருப்பேன்னா? பீடி குடிச்சீங்களா?”

“பீடி இல்ல. அடுப்ப மூட்டினேனா என்னான்னு தெரியல. சத்தம் கேட்டப்ப இங்க உக்காந்திருந்தேன். அதுக்கு முன்ன எங்க இருந்தேன்னு ஞாபகம் இல்ல தெரேசா.”

கைகளை என்னிடம் நீட்டினார், நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

அனுப்பிடுங்கம்மா

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் யாரும் அண்ணனைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. பர்மாக்காரன் என்றார்கள். குழந்தைகளை எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள் என்று வந்து சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழ்ப்பாக்கம் என்றால் அப்போது பட்டணத்தில் ஒரே அர்த்தம்தான். அங்கேதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

அம்மா பல நாள் அழுதார். பிறகு அழுகை நின்றுவிட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “அங்க பாத்துக்குவாங்களாம். நல்லாயிடுமாம்” என்றார். நான் கத்தினேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“அனுப்பிடுங்கம்மா. அடுத்த தடவ வீட்டுக்குள்ள நீங்க இருப்பீங்க.”

அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று.

பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். மடத்துச் சிற்றாலயத்து பெஞ்சுகளுக்கெல்லாம் ஏதோ திருநாளுக்காக எண்ணெய் பூசியிருந்தார்கள். மத்தியானம் பின்தாழ்வாரத்தில் கை கழுவப் போனேன். வெயிலில் ஒரு தகர வாளி. அதற்குள்ளிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் யாருமில்லை. அடுப்பில்லை, கொள்ளியில்லை. எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கந்தல்கள், சுருட்டித் திணித்தபடி. மேல் துணியை விலக்கி உள்ளே விரலை விட்டேன். சுட்டுவிட்டது.

அதே எண்ணெய் வாசனை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மடத்து வயதான சிஸ்டர் ஒருவர் வந்து வாளியில் தண்ணீரை ஊற்றினார். “என்ன டீச்சர், தலை சுத்துதா?” என்றார்.

டின்

வாசகருக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான புத்திமதி இதுதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தன் சூட்டைத் தானே உண்டாக்கும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்டால் உள்ளேயே ஏறும். மணிக்கணக்கில் ஏறும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் துணியை ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். மரச்சுருளை அன்றன்றே கூட்டி வெளியே கொட்டுங்கள்.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. கண்ணால் கண்டது மட்டும்தான் தெரியும். அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எனக்காகக் கதை கட்டாத தெரேசா.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வீட்டுக்குள் வைத்திருந்த மிச்ச எண்ணெயில் இரண்டு கந்தலைத் தோய்த்து, வேறொரு டின்னில் போட்டு, கொல்லை நடுவில் வைத்தேன். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காலையிலிருந்து காத்திருந்தோம். மத்தியானம் மேகம் போட்டது. சாயங்காலம் துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்துப்போய், சில்லென்று இருந்தது.

அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். “விடு. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச.”

அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் நாகப்பனை அனுப்பி இன்னும் எண்ணெய் வாங்கிவரச் சொன்னேன். “இன்னா டீச்சரம்மா, எரிஞ்சது போதாதா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். இந்தத் தடவை ஒரு முழு வேட்டியைக் கிழித்தேன். நிறையத் தோய்த்தேன். மரச்சுருள் போட்டு, அன்றைக்கு அண்ணன் போட்ட மாதிரியே திணித்து, வெயிலில் வைத்தேன். அனல் காற்று. அண்ணன் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

உச்சி சாய்ந்த பிறகு ஒரு நாற்றம் வந்தது. பிறகு கோடுபோலப் புகை. அண்ணன் எழுந்து வந்து டின் பக்கத்தில் மண்டியிட்டார். டின்னைச் சுற்றிப் பார்த்தார். அடியில் ஏதாவது கங்கு வைத்திருக்கிறேனா என்று தூக்கிப் பார்த்தார். கீழே வெறும் மண். புகை தடித்தது. திடீரென்று துணியின் நடுவில் ஒரு சிவப்பு ஓட்டை விழுந்து, விளிம்பு விளிம்பாக விரிந்தது.

“அம்மா! இங்க வாங்க!” என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, “யேசுவே” என்று வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தீ மேலே எழும்பியதும் அவரே வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார்.

“அப்ப எனக்குப் புத்தி கெடல” என்றார்.

“இல்லண்ணே.”

“துணியச் சுருட்டிப் போட்டது நான்தான்.”

“தெரியாமத்தானே போட்டீங்க. எனக்கும் தெரியாதே.”

தலையை ஆட்டினார். ஈரச் சாம்பலில் விரலால் எதையோ கீறிக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியைப் பற்றிச் சொன்னார். அதுவரை சொல்லாததை, அந்த வெயிலில், எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல்.

மலைப்பாதையில் அண்ணிக்குக் காய்ச்சல். அண்ணன் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். ஓர் இடத்தில் உடம்பு கனத்துப்போயிற்று, கூப்பிட்டால் பதிலில்லை. பின்னால் வந்தவர்கள், ‘போயிடுச்சு, விட்டுட்டு வா, நீயாவது பொழை’ என்றார்களாம். ஒரு மரத்தடியில் கிடத்தி, முகத்தில் சேலையைப் போட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

“எனக்கும் காய்ச்சல். மூச்சு இருந்துதான்னு பாத்தேனா? பாத்த மாதிரிதான் இருக்கு. சரியாப் பாத்தேனான்னு தெரியல தெரேசா. இத நான் செய்யலன்னு காட்ட உனக்கு ஒரு டின் கெடச்சுது. அதக் காட்ட என்ன இருக்கு?”

அம்மா அண்ணன் பக்கத்தில் ஈரமண்ணிலேயே உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நாங்கள் மூவரும் வெயில் இறங்கும்வரை அப்படியே இருந்தோம்.

பிறகு

கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவில்லை. மாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “துணி தானாப் பத்திக்குமா? நன்னாயிருக்கு கதை. உங்கண்ணா, நீ அப்படித்தான் சொல்லுவே” என்றார். வேண்டுமானால் செய்து காட்டுகிறேன் என்றேன். “என் கன்னுக்குட்டியைத் திருப்பிக் காட்டுவியோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசிவரை அவர் நம்பவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவுமில்லை.

அண்ணன் உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மழைக்காலம் வரும்வரை உளியைத் தொடவில்லை. பிறகு சின்னச் சின்ன வேலைகள் செய்தார். முக்காலி, பலகை, மாவுச் சல்லடைக்கு வளையம். நெஞ்சு இளைத்துக்கொண்டே வந்தது. நாடு சுதந்திரம் அடைந்ததைப் பார்த்தார். அதற்கடுத்த மார்கழியைத் தாண்டவில்லை.

ஆனால் தீப்பிடித்த வருஷத்துக் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம், அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, “கோயிலுக்குப் போவணும், நீயும் வா” என்றார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுவாமியார் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். சுவாமியார்தான் உள்ளே கூப்பிட்டார்.

“செத்தவங்களுக்குப் பூசை வைக்கணும் சாமி” என்றார் அண்ணன்.

“யாருக்கு?”

“என் சம்சாரத்துக்கு.”

“எப்ப இறந்தாங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தேதி தெரியாது சாமி. நேரமும் தெரியாது. நான்...” என்று நிறுத்திக்கொண்டார்.

சுவாமியார் அதற்குமேல் கேட்கவில்லை. “தேதி வேணாம்பா. பேரச் சொல்லு, போதும்.”

அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டார். ரங்கூனிலிருந்து வந்ததிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

“மரியம்மாள்” என்றார்.

குரல் எழும்பவில்லை. சுவாமியாருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.